ஜிப்சம் போட்டும் களர் மண் ஏன் மாறவில்லை?

கேள்வி: திருச்சி மாவட்டம் மணிகண்டம் பகுதியில் எனக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் உள்ளது. மண்வள அட்டையில் கார அமில நிலை (pH) 9.1, உப்பு நிலை 0.4 என்று போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஏக்கருக்கு மூன்று மூட்டை ஜிப்சம் போட்டும் பலனில்லை. ஒரு லிட்டர் மண்சீர்திருத்தித் திரவம் விட்டால் ஒரே போகத்தில் 7-க்கு இறங்கிவிடும் என்கிறார் உரக்கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஓர் ஏக்கரில் மேல் அரையடி மண் மட்டுமே ஏறத்தாழ 900 டன் எடை இருக்கும். அதன் குணத்தை ஒரு லிட்டர் திரவம் மாற்றும் என்று சொல்பவர் உங்கள் வயலைப் பற்றிப் பேசவில்லை, தன் விற்பனையைப் பற்றிப் பேசுகிறார். யூரியா கேட்டு வருபவரிடம் இந்தப் புட்டியையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்று கட்டாயப்படுத்துவது முறைகேடு. அப்படி நடந்தால் ரசீதுடன் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாய்மொழிப் புகாருக்கு எந்த அலுவலகத்திலும் ஆயுள் கிடையாது.

நீங்கள் தந்த எண்கள் கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்தைக் காட்டவில்லை, சோடியம் மிகுந்த களர் நிலத்தைக் காட்டுகின்றன. களரில் உப்பு தனியாகக் கிடப்பதில்லை. சோடியம் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு, துகள்களைப் பிரித்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை ஊற்றி, உலர்ந்த மண்கட்டி ஒன்றை அதில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். களர் மண்ணாக இருந்தால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போன்ற கலங்கல் பரவி, மறுநாள் காலையிலும் தெளியாமல் நிற்கும். நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் உங்கள் வயல் மாறுவது இதனால்தான்.

ஜிப்சத்திலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைத் துகளிலிருந்து விலக்கும். விலகிய சோடியம் நீரில் கரைந்து வயலைவிட்டு வெளியேற வேண்டும். நீங்கள் தவறியது இரண்டு இடங்களில். மூன்று மூட்டை என்பது நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடும் அளவு. ஏக்கருக்கு 160 கிலோ என்ற அந்தப் பரிந்துரை காய் திரள்வதற்கானது, களர் நீக்குவதற்கு டன் கணக்கில் தேவைப்படும். அடுத்ததாக, வடிகால் இல்லாத வயலில் எவ்வளவு போட்டாலும் சோடியம் அங்கேயே தங்கிவிடும்.

உங்கள் நிலத்துக்கு எத்தனை டன் என்பது அட்டையில் இருக்காது. 2015 முதல் வழங்கப்படும் அந்த அட்டையில் பன்னிரண்டு அளவீடுகள் உண்டு. ஜிப்சம் தேவை அவற்றில் ஒன்றல்ல. பாசனப் பகுதியில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் மண் எடுத்ததால், அதிலுள்ள 9.1 உங்கள் பக்கத்து வயலுடையதாகக்கூட இருக்கலாம். களர் மிகுந்த ஒரு வட்டாரத்தில் இந்த ஒரு சோதனையை அட்டையோடு சேர்க்க ஏன் முடியவில்லை என்று நான் பல கூட்டங்களில் கேட்டும் பதில் வரவில்லை. ஆகவே வரப்பு, எருக்குவியல், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்துப் பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோவை நீங்களே மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துச் சென்று, ‘ஜிப்சம் தேவையும் பார்த்துத் தாருங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். வரும் அளவில் பாதி போட்டால் போதும்.

வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமன் செய்து, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, நீர் கட்டிச் சேற்றுழவு செய்து, ஒரு நாள் கழித்து நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்ய வேண்டும். பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் மண் மீண்டும் களராகும் ஒரு நிலை உண்டு; அது உங்களுக்கும் பொருந்தக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே பைகார்பனேட் மிகுதியாக இருந்தால், ஒவ்வொரு பாசனமும் மண்ணிலுள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைத்துச் சோடியத்துக்கு இடம் ஒழித்துத் தரும். ஒரு கையால் நீங்கள் நீக்குவதை மறு கையால் நீங்களே ஊற்றுகிறீர்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு லிட்டர் நீர் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட், அதாவது நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்துக்கு மேல் இருந்தால், ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக நீரைப் பாய்ச்ச வேண்டும். சோடியத்தை வடித்து வெளியேற்ற அந்தக் கிணற்று நீரைக் கொண்டு வயலைக் கழுவவே கூடாது. அதற்குப் புரட்டாசி மழை நீரைத் தேக்கிப் பயன்படுத்துங்கள்.

நடவுக்குள் இவ்வளவும் முடியாவிட்டால், இரண்டு ஏக்கரையும் அரைகுறையாகத் தொடாமல், வடிகாலுக்கு அருகிலுள்ள ஐம்பது சென்ட்டை மட்டும் இப்போது முழுமையாகச் சீர்திருத்துங்கள். மீதி இடத்தில் களரைத் தாங்கும் திருச்சி 3 நெல்லை நட்டு, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள்.