அறிவியல் கேள்வி–பதில்: கரியான பிறகும் நிற்கும் படிக வடிவம்

கேள்வி: 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, நுண்துளைகள் நிறைந்த படிகங்களான உலோகக் கரிமச் சட்டகங்களுக்காக (சுருக்கமாக ‘மாஃப்’) வழங்கப்பட்டது. அவ்வளவு நுட்பமாகக் கட்டிய படிகத்தை உலையில் இட்டுக் கார்பனாக்கும் ஆய்வுகளும் நடப்பதாகப் படித்தேன். கட்டியதை எதற்கு எரிக்க வேண்டும்? கார்பன் நானோ குழாய்களையும் கிராஃபீனையும் நேரடியாகவே செய்துகொள்ளலாமே?
– முதுநிலை வேதியியல் மாணவி ஒருவர்

பதில்: எரிப்பது வேறு, கரியாக்குவது வேறு. கரிமூட்டம் போடுபவர்கள் அடுக்கிய விறகின் மேல் மண்ணைப் பூசிக் காற்றை அடைப்பது, விறகு சாம்பலாகிவிடாமல் கரியாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். நன்றாக வெந்த கரித்துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள்; மரத்தின் வளையங்களும் நார்களும் அதில் அப்படியே தெரியும். ஆய்வகத்தில் மண் செய்யும் வேலையை ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயு செய்கிறது. விறகின் இடத்தில் படிகம் இருக்கிறது.

ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் ஏடான கிராஃபீனையும், அத்தகைய ஏடு சுருண்டாற்போன்ற நானோ குழாய்களையும் தனியே செய்ய முடியும் என்பது உண்மையே. செய்த பிறகு அவற்றை ஒழுங்காக அடுக்குவதுதான் பெரும்பாடு. ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு கோட்பாட்டளவில் சுமார் 2,630 சதுர மீட்டர்; ஆனால் அதன் ஏடுகள் உலர்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்வதால், அந்தப் பரப்பில் பெரும்பகுதி, மின்கலம் போன்றவற்றில் பயன்படுத்தும்போது அயனிகள் எட்ட முடியாதபடி உள்ளே அடைபட்டுப்போகிறது. ஆகவே வேண்டிய முப்பரிமாண வடிவத்தை முதலில் படிகத்தில் அமைத்துவிட்டு, அதன்பின் அதைக் கார்பனாக மாற்றுகிறார்கள். படிகமே அச்சாகவும் மூலப்பொருளாகவும் அமைவதுதான் இந்த முறையின் அழகு என்பேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். கோபால்ட் நைட்ரேட்டை மெத்தனாலில் கரைத்தால் இளஞ்சிவப்புக் கரைசல் கிடைக்கும். அதில் 2-மெத்தில் இமிடசோல் என்னும் நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மத்தின் கரைசலை ஊற்றியதும் நிறம் ஊதாவாக மாறிவிடும்; அறை வெப்பநிலையிலேயே விட்டுவைத்தால் ஸிஃப்-67 என்னும் கோபால்ட் சட்டகம் ஊதாப் பொடியாக அடியில் படியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் ஒவ்வொரு துகளும் பன்னிரண்டு சாய்சதுர முகங்கள் கொண்ட படிகமாகத் தெரியும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இதனை ஹைட்ரஜன் கலந்த ஆர்கானில் சூடாக்கினார்கள். கோபால்ட் அயனிகள் நுண்ணிய உலோகத் துகள்களாகத் திரண்டு, சிதையும் கரிம மூலக்கூறுகளின் கார்பனை வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் நானோ குழாய்களை வளர்த்தன. முடிவில் கிடைத்தது, படிகத்தின் முகங்களும் விளிம்புகளும் அடையாளம் தெரியும்படி ஒன்றோடொன்று பின்னிய குழாய்களாலான உள்ளீடற்ற கூடு. இமிடசோலின் நைட்ரஜனும் கார்பனில் தங்கிவிடுவதால், ஆக்சிஜன் வினைகளுக்கு அது நல்ல வினையூக்கியாகிறது.

துத்தநாகம் இருந்தால் கதை வேறு. அது 907 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால், அதற்கு மேல் சூடேற்றும்போது ஆவியாகி வெளியேறி, துளைகளை விட்டுச்செல்கிறது. 2008-இல் ஜப்பானில் சியாங் ஷூவின் குழு, துத்தநாகச் சட்டகமான மாஃப்-5-இன் துளைகளில் ஃபர்ஃபியூரில் ஆல்கஹால் என்னும் கரிமத் திரவத்தை நிரப்பி 1,000 டிகிரியில் கரியாக்கியபோது, கிராமுக்கு 2,872 சதுர மீட்டர் பரப்புள்ள கார்பன் கிடைத்தது. அவரது குழுவினர் பின்னர் கோல் வடிவப் படிகங்களிலிருந்து கார்பன் நானோ கோல்களையும், அவற்றைப் பிரித்துக் கிராஃபீன் நாடாக்களையும் பெற்றார்கள். 2019-இல், கடப்பம்பூவைப் போல நாற்புறமும் கோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்பன் உருண்டைகளையே ஆக்கிக் காட்டினார்கள்.

கேள்வி: இதனால் நடைமுறையில் என்ன பயன்?
– அதே வாசகி

பதில்: காது கேட்கும் கருவியில் இடும் பொத்தான் மின்கலத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒட்டுத்தாளை உரித்ததும் சிறு துளை வழியே காற்று புகுந்து அது வேலை செய்யத் தொடங்கும். அது துத்தநாக–காற்று மின்கலம். இதே வகை மின்கலத்தைத் திரும்பத் திரும்ப மின்னேற்ற வேண்டுமானால், ஆக்சிஜனை உள்வாங்கும் வினையையும் வெளிவிடும் வினையையும் ஒரே மின்முனை தாங்க வேண்டும். விலையுயர்ந்த பிளாட்டினத்துக்கும் இரிடியத்துக்கும் மாற்றாக இந்தக் கார்பன் கூடுகளை அங்கே சோதித்துவருகிறார்கள். மின்னூட்டத்தை விரைவாக ஏற்று விரைவாக வெளிவிடும் மீமின்தேக்கிகளிலும் (சூப்பர் கெப்பாசிட்டர்) இவற்றுக்கு இடமுண்டு.

இடையூறு இல்லாமல் இல்லை. கரிமப் பகுதியில் கணிசமான பங்கு வாயுவாகப் போய்விடுவதால் விளைச்சல் குறைவு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கூடு சரிந்துவிடும். இத்துறை ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த நுண்ணோக்கிப் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முகங்கள் சற்று உட்குழிந்து, அளவும் சுருங்கியிருக்கும். விளிம்புகளை எண்ணினால் பழைய படிகத்தை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.