110 கே.வி. வெளிப்புற சர்க்யூட் பிரேக்கர் நிறுவும்போது எதிலெல்லாம் கவனம் வேண்டும்?

கேள்வி: டிப்ளமா முடித்துவிட்டு ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு 110 கே.வி. துணைமின் நிலையத்தில் புது எஸ்.எஃப்.6 பிரேக்கர் பொருத்தும் வேலை. பாதுகாப்புக்கு என்னென்ன பார்க்கவேண்டும்?

பதில்:

தம்பி, இந்த வேலையில் எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை. அடிபட்டது ஸ்பிரிங்கால்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது. பிரேக்கரில் எஸ்.எஃப்.6 கேஸ் நிரப்பியாகிவிட்டது, லைனோடு சேர்க்கும் ஜம்பர் கம்பி கட்டுவது மட்டும் பாக்கி. எந்த லைனோடும் சேரவில்லை. பிரேக்கரை இயக்கும் டி.சி. சப்ளையின் ஃப்யூஸை நானே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் மெக்கானிசம் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஸ்பிரிங்கை முறுக்கும் மோட்டாரை ஓட்டிப் பார்த்தவர்கள், பிரேக்கரை மூடும் குளோசிங் ஸ்பிரிங்கை சார்ஜ் ஆன (முறுக்கிய) நிலையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்பேனர் நழுவி, ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் லாட்ச் மேல் பட்டது. டமால் என்று ஒரு சத்தம். ஸ்பேனர் பக்கத்து பேயில் (அடுத்த லைனின் கருவிகள் நிற்கும் பகுதியில்) ஜல்லிக்குள் கிடந்தது. எனக்கு ஒரு நகம் போனது, விரல் தப்பித்தது.

டி.சி. 110 வோல்ட் செய்யும் வேலை லாட்சைத் தட்டிவிடுவது மட்டும்தான். கான்டாக்டை அடித்து மூடும் பலம் ஸ்பிரிங்கில் இருக்கிறது, அதற்கு கரண்ட் தேவையில்லை. அதனால் பெட்டிக்குள் கை வைப்பதற்கு முன் மோட்டார் சப்ளையை நிறுத்துங்கள். பிரேக்கர் மூடியிருந்தால் திற, மூடு, திற என்று ஒரு சுற்று. திறந்திருந்தால் மூடு, திற. மூடும் ஸ்பிரிங், திறக்கும் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்துவிட்டதைக் குறிகாட்டியில் கண்ணால் பார்த்த பிறகு டி.சி.யை எடுங்கள். நான் செய்தது போல ஃப்யூஸை முதலில் பிடுங்கினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இன்னொன்று, கேஸ் இல்லாத பிரேக்கரை இயக்கக்கூடாது என்று பல கம்பெனிகளின் கையேட்டில் போட்டிருக்கும். ஆகவே கேஸ் நிரப்பி முடியும்வரை மோட்டாருக்கு சப்ளையே கொடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த பயம் பக்கத்து பே. உங்கள் பே செத்திருக்கும், பக்கத்தில் 110 கே.வி. ஓடிக்கொண்டிருக்கும். எல்.சி. (லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்தி வேலைக்குக் கொடுக்கும் அனுமதி) வாங்காமல் யார்டுக்குள் கால் வைக்காதீர்கள். வாங்கிய பிறகும், லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் மூன்று ஃபேஸிலும் நிஜமாகவே திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கைப்பிடி "திறந்தது" என்று காட்டும், மேலே ஒரு பிளேடு மட்டும் முழுதாக விலகாமல் நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராட் (கம்பியைத் தரையோடு இணைக்கும் கோல்) போடுங்கள். பக்கத்து லைனால் செத்த கம்பியிலும் தூண்டப்படும் மின்சாரம் (இண்டக்ஷன்) ஒன்றே ஆளைத் தூக்கி எறியப் போதும். உயரத்தில் நிற்பவனுக்கு ஷாக்கைவிட, அந்த அதிர்ச்சியில் விழுவதுதான் எமன். எர்த் ராடில் முதலில் தரைப் பக்கத்து கிளாம்பை மாட்டவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றவேண்டும்.

கிரேன் ஓட்டுகிறவர் கட்டட வேலையிலிருந்து வந்தவராக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. லைவ் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருப்பார். கிட்டே போனாலே பாய்ந்துவிடும் என்று காலையிலேயே சொல்லுங்கள், பூம் திரும்பக்கூடிய எல்லையைக் கயிறு கட்டிக் காட்டுங்கள். கிரேன் வண்டியையும் எர்த் செய்யுங்கள். சைகை காட்டும் ஆள் ஒருவர்தான், நாலு பேர் கத்தக்கூடாது.

போலை, அதாவது ஒவ்வொரு ஃபேஸுக்கும் உள்ள பீங்கான் தூணை, தூக்குவதற்கு நைலான் பெல்ட் மட்டும் போடுங்கள். இரும்புக் கம்பிக் கயிறு பீங்கானின் விளிம்பைச் சில்லு பெயர்த்துவிடும். கையேட்டில் காட்டிய இடத்தில் மட்டும் பெல்ட்டைப் போட்டு, ஆடாமலிருக்க ஒரு வழிகாட்டிக் கயிறு கட்டுங்கள். ஃபவுண்டேஷன் கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் என்பது தெரிந்திருக்கும். சைட்டில் அவசரப்படுத்துவார்கள், கான்கிரீட் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எழுத்தில் கேளுங்கள். போலைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சருக்கு ரசமட்டம் பார்த்த பிறகுதான் போல் ஏறவேண்டும். பீங்கானின் அடிப்பக்கம் தரையிலிருந்து எட்டு அடிக்கு மேல் இருக்கும்படி ஸ்ட்ரக்சர் வரும். கீழே நிற்கிற ஆள் கையைத் தூக்கினாலும் எட்டக்கூடாது என்பதுதான் கணக்கு. அதைக் குறைத்துப் போட்ட இடத்தில் வேலை செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேஸுக்கு வருகிறேன். போல்கள் தொழிற்சாலையிலிருந்து குறைந்த அழுத்தத்தில்தான் வரும், ஏனென்றால் வழியில் பீங்கானில் விரிசல் விட்டிருக்கலாம். முழு அழுத்தத்தில் அது உடைந்தால் குண்டு வெடித்த மாதிரி சில்லு பறக்கும். அதனால் முதல் தடவை நிரப்பும்போது ரெகுலேட்டரை வைத்து மெதுவாக, ஆட்களெல்லாம் விலகி மறைவில் நின்றுகொண்டு நிரப்பவேண்டும். பெயர்ப்பலகையில் இருக்கும் அழுத்தம் 20 டிகிரிக்கு உரியது. நம் ஊர் மே மாத வெயிலில், 40 டிகிரியில், 6 பார் என்பது சாதாரண கேஜில் கிட்டத்தட்ட அரை பார் கூடுதலாகக் காட்டும். வெப்பத்துக்கு ஏற்ற அழுத்தம் எவ்வளவு என்ற அட்டவணையைப் பார்க்காமல் 6 வந்ததும் நிறுத்தியவர்கள், மார்கழி விடியற்காலையில் லோ கேஸ் அலாரம் அடித்ததும் லீக்கைத் தேடி அலைவார்கள்.

எஸ்.எஃப்.6க்கு நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட ஐந்து மடங்கு கனம். சிந்தினால் கேபிள் ட்ரெஞ்சில் போய்த் தங்கும், உள்ளே இறங்குகிறவனுக்கு மூச்சு முட்டும். பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிட 20 ஆயிரம் மடங்குக்கு மேல், ஆகவே காற்றில் திறந்துவிடவும் கூடாது. பழைய பிரேக்கரைக் கழற்றும் வேலையும் சேர்ந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆர்க் (கான்டாக்ட் பிரியும்போது எழும் மின்பொறி) பட்ட கேஸ் விஷம், உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியை வெறும் கையால் தொடக்கூடாது.

எர்த்திங் இரண்டு தனி வழியாக எர்த் மேட்டில் (யார்டின் தரைக்கடியில் புதைத்த கம்பி வலையில்) சேரவேண்டும், அவ்வளவுதான். ஜம்பர் டெர்மினலை இழுக்காமல் தொய்வாக நிற்கவேண்டும். டெஸ்ட்டில் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) எல்லாம் யாரும் விடுவதில்லை. மூட, திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற டைமிங்கைத்தான் அவசரத்தில் தாண்டிப் போவார்கள். மூன்று போலும் மூடுவதில் 5 மில்லி செகண்டுக்கு மேலும், திறப்பதில் 3.3க்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடாது. டி.சி. 70 சதவீதத்துக்கு இறங்கினாலும் ட்ரிப் ஆகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். ஃபால்ட் வரும் நேரத்தில் பேட்டரி சோர்ந்திருக்கலாம்.

கடைசியாக, முதல் சார்ஜிங், அதாவது முதல் தடவை 110 கே.வி. கொடுப்பது. பெட்டியில் இருக்கும் லோக்கல் பட்டனை அழுத்தி மூட வேண்டாம். பெருமைக்காக அதைச் செய்கிறவர்கள் உண்டு. போட்ட எர்த் ராடுகளை எண்ணி எடுங்கள், ஆட்களை எண்ணி வெளியே அனுப்புங்கள், எல்.சி.யைத் திருப்பிக் கொடுங்கள், செலக்டரை ரிமோட்டில் வையுங்கள். மூடுவது கன்ட்ரோல் ரூமிலிருந்து நடக்கட்டும். மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய் கேஸ் அளவை ஒருமுறை குறித்துக்கொண்டு வாருங்கள். பெட்டிக்குள் ஹீட்டர் வேலை செய்கிறதா என்றும், கையை உள்ளே விடாமல், பாருங்கள்.