டாஷ்போர்டில் ஒரு தொகை, வங்கிக் கணக்கில் வேறு தொகை: நடுவில் என்ன நடக்கிறது?

"கார்டில் வாங்கிய பணம் ஏன் உடனே வங்கிக்கு வருவதில்லை, வரும்போதும் ஏன் குறைந்து வருகிறது? அந்த மென்பொருளுக்குள் யார் எதையெல்லாம் செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கார்டு பணம் கையாளும் மென்பொருளை எழுதும் குழுவில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். அங்கே தினமும் காதில் விழுந்த கேள்விதான் இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். திரையில் 'பேமென்ட் சக்சஸ்' என்று வரும் நொடியில் வணிகர் கைக்கு எதுவும் வந்துவிடவில்லை. கார்டு கொடுத்த வங்கி, "இந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டேன், நீங்கள் பொருளைத் தரலாம்" என்று வாக்கு கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். டெபிட் கார்டாக இருந்தால் வாடிக்கையாளர் கணக்கில் அப்போதே கழிந்திருக்கக்கூடும். அப்போதும் அந்தப் பணம் வணிகர் கணக்கில் ஏறியிருக்காது. இந்த வாக்குக்கு ஆதரைசேஷன் என்று பெயர். வாக்கு ஒரு வழியில் ஓரிரு நொடிகளில் வந்துவிடுகிறது, பணம் வேறு வழியில் நாள் கணக்கில் வருகிறது. நீங்கள் கேட்டதில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

கார்டு விவரம் வணிகரின் பக்கத்திலிருந்து கேட்வேக்கு (விவரத்தை வாங்கி வங்கிப் பக்கம் அனுப்பும் மென்பொருள் சேவை) போகிறது. அங்கிருந்து வணிகர் தரப்பு வங்கிக்கு (அக்வயரர் என்பார்கள்), பிறகு விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாகக் கார்டு கொடுத்த வங்கிக்கு. எந்த வங்கி என்பதைக் கார்டு எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களே சொல்லிவிடும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டால் யாரையும் கேட்காமலே மென்பொருள் பிடித்துவிடுவது அதனால்தான்.

வங்கிகளுக்கிடையே இந்தப் பேச்சு பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 8583 என்ற தரநிலையில் நடக்கிறது. முதல் பதிப்பு 1987-இல் வந்தது. 0100 வகைச் செய்தி அனுமதி கேட்கும், 0110 பதில் சொல்லும். பதிலில் 00 இருந்தால் சரி. 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 91 என்றால் அந்த வங்கியின் கணினியை எட்ட முடியவில்லை. 05 மட்டும் வணிகர்களை மிகவும் வாட்டும்: ஏற்க மறுக்கிறேன் என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. வணிகர் யாரைக் கேட்டும் பயனில்லை, கார்டுக்காரர்தான் தன் வங்கியைக் கேட்க வேண்டும்.

மறுப்பையாவது புரிந்துகொள்ளலாம். பதிலே வராமல் போவதுதான் இந்தத் தொழிலில் உண்மையான சிக்கல். நான் சேர்ந்த புதிதில் எங்கள் மென்பொருள், 30 நொடிக்குள் பதில் வராவிட்டால் 'தோல்வி' என்று எழுதிவிட்டு மறுபடி அனுப்பும். ஒருநாள் வழியில் நெரிசல். கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, வங்கி சரி என்று சொல்லியும் இருக்கிறது, பதில் மட்டும் திரும்பி வரவில்லை. நாங்கள் மறுபடி அனுப்பினோம், வங்கி மறுபடியும் சரி என்றது. பலருடைய கணக்கில் இரண்டு முறை தொகை பிடிபட்டது. மாதக் கடைசியில் கையில் இருந்ததில் பாதி இப்படி முடங்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்த மின்னஞ்சல் இன்றும் நினைவில் இருக்கிறது. நாங்கள் ஒரு அட்டவணையில் தப்பாக எழுதிய ஒரு சொல், அவர் வீட்டில் போய் விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினோம். பரிவர்த்தனைக்கு 'வெற்றி', 'தோல்வி' தவிர 'தெரியவில்லை' என்று மூன்றாவது நிலை வைத்தோம். அந்த நிலையில் உள்ளதை யாரும் மறுபடி அனுப்பக் கூடாது. நிலவரம் கேட்க வேண்டும், அல்லது 0400 வகைச் செய்தி அனுப்பி முந்தையதை ரத்து செய்ய வேண்டும். அப்புறம், ஒவ்வொரு முயற்சிக்கும் வணிகர் பக்கமிருந்தே ஒரு தனி அடையாளக் குறி. இதை ஐடெம்பொடென்சி கீ என்பார்கள். அதே குறியோடு பத்து முறை வந்தாலும் மென்பொருள் ஒரே ஒரு முறைதான் பணம் பிடிக்கும், மற்ற ஒன்பது முறையும் பழைய பதிலையே திருப்பித் தரும். நீங்கள் எந்தச் சேவையை எடுத்தாலும் இது இருக்கிறதா என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை கட்டணம் எவ்வளவு என்பதைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, வாக்கு கிடைத்துவிட்டது. அடுத்தது கேப்சர்: "அந்த ஒதுக்கிய தொகையை இப்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வது. பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். பொருள் அனுப்பும்போதுதான் பணம் எடுப்போம் என்பவர்கள் தள்ளி வைப்பார்கள். ஆனால் வாக்குக்குக் காலக்கெடு உண்டு. சில நாட்களில் கேப்சர் செய்யாவிட்டால் ஒதுக்கியது விடுபட்டுவிடும். கேப்சர் ஆனவை அன்றைய கட்டு ஒன்றில் (ஒரு நாளின் பரிவர்த்தனைத் தொகுப்பு) சேர்ந்து நெட்வொர்க்குக்குப் போய், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்காகி, வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கின்றன. அதன் பிறகுதான் வணிகரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும், அதைப் பேஅவுட் என்பார்கள். 'டி பிளஸ் 2' என்று எழுதியிருந்தால் பரிவர்த்தனை நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள் என்று பொருள். வங்கி விடுமுறை குறுக்கே வந்தால் தள்ளிப்போகும். கட்டு மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் கழித்து நடந்த விற்பனை மறுநாள் கணக்கில்தான் சேரும். மொத்தம் பொருந்தாததற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

குறைந்து வருவது ஏன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. தலா 100 வீதம் பத்து விற்பனை, மொத்தம் 1000. கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் 20 போகும். அது ஒருவருக்கே போவதில்லை: ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு, ஒரு பங்கு நெட்வொர்க்குக்கு, மிச்சம் அக்வயரருக்கும் மென்பொருள் சேவைக்கும். போன வாரம் விற்ற ஒன்றை இன்று ரீஃபண்ட் செய்தீர்கள், 100 குறையும். போன மாதம் வாங்கிய ஒருவர் தன் வங்கியில் புகார் கொடுத்து, அந்தப் பணம் உங்களிடமிருந்து திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது (சார்ஜ்பேக்), இன்னொரு 100. உங்களுக்கு வருவது 780. சார்ஜ்பேக்குக்குத் தனிக் கட்டணம் இருந்தால் அதுவும் கழியும். டாஷ்போர்டின் (சேவையினர் உங்களுக்குத் தரும் கணக்குத் திரை) முகப்பில் பெரிதாகத் தெரிந்தது 1000. இரண்டும் சரியான எண்கள்தான், ஒன்று விற்பனை, மற்றது மிச்சம். விசா, மாஸ்டர்கார்டில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் இருப்பதால், புதிய வணிகர்களின் தொகையில் ஒரு பகுதியைச் சேவையினர் சில மாதம் இருப்பாக நிறுத்தி வைப்பதும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் அது நியாயமே. சொல்லாமல் செய்வதை என்னால் ஏற்க முடியாது.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு உலகம் முழுக்கப் பொதுவான விதி, பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற கார்டு தகவல் பாதுகாப்புத் தரநிலை. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். நாலு பேர் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்வது கூடாது. யார் என்ன செய்தார் என்ற பதிவை 12 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆதரைசேஷன் முடிந்த பிறகு வணிகரோ கேட்வேயோ சி.வி.வி. எண்ணைச் சேமிக்கவே கூடாது, பூட்டிப் பாதுகாத்தாலும் கூடாது. உதவிப் பிரிவில் இருப்பவருக்குக் கார்டின் கடைசி 4 இலக்கமே போதும். வணிகர்கள் முழு எண்ணைத் தொடாமலே இருப்பதுதான் நல்லது; அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணை வைத்துக்கொள்ளலாம், அது திருடு போனாலும் வேறு இடத்தில் செல்லாது. ஏ.பி.ஐ. கீ (உங்கள் மென்பொருள் சேவையோடு பேசும்போது தன்னை அடையாளம் காட்டும் குறி) இரண்டு வரும். பொது கீ இணையப் பக்கத்தில் இருக்கலாம், ரகசிய கீ சர்வரை விட்டு வெளியே வரவே கூடாது.

ரீஃபண்ட் அனுமதியைப் பற்றித்தான் பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். ரீஃபண்ட் பொதுவாக வந்த கார்டுக்கே திரும்புகிறது என்பதால் அதில் ஓரளவு காப்பு இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, பேஅவுட் போகும் வங்கிக் கணக்கை மாற்றும் அனுமதி. ஒரே ஒரு மாற்றத்தில் அடுத்த கட்டு முழுவதும் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும், விற்பனைப் பட்டியலில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் ஒருவர் மாற்றினால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், பழைய மின்னஞ்சலுக்கும் தகவல் போக வேண்டும், மாற்றிய பின் ஓரிரு நாள் பேஅவுட் நிற்க வேண்டும். இந்த மூன்றும் உங்கள் சேவையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடைசியாக, பொருத்திப் பார்க்கும் வேலை. பேஅவுட் அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் உங்கள் ஆர்டர் எண், பரிவர்த்தனை எண், மொத்தம், பிடித்தம், நிகரம், எந்தப் பேஅவுட்டில் சேர்ந்தது என்ற ஆறும் இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் உள்ள குறிப்பு எண்ணும் அந்த அறிக்கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு வாரக் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். மொத்தத்தை மட்டும் காட்டும் அறிக்கை வந்தால் உதவிப் பிரிவுக்கு எழுதி வரிவாரியான கோப்பைக் கேளுங்கள். அது வரும் வரை பொருந்தாத தொகையை "பரவாயில்லை" என்று விடாமல் தேதியோடு தனியாகக் குறித்து வையுங்கள்.