பேச்சு ஊரோடு, உடம்பு இங்கே

வெளிநாடு வந்து ஐந்து மாதமாகியும் தூக்கம் சரியில்லை, அடிக்கடி தலைவலி, ஊரில் பழகிய டாக்டரிடமே வீடியோவில் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன், தினமும் வீட்டாரோடு மணிக்கணக்கில் பேசியும் தனியாகவே இருக்கிறது, இது எனக்கு மட்டும்தானா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

உங்களுக்கு மட்டும் இல்லை. நான் வந்து 14 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் எனக்கும் இப்படித்தான் போனது. 1688லேயே யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக விவரித்து, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் ஊரை விட்டால் கடிதம்தான். இப்போது ஊரே கைக்குள் இருக்கிறது, ஆனாலும் ஏக்கம் தீரவில்லை. என் அனுபவத்தில், அந்தக் கைபேசியே தூக்கத்தையும் கெடுக்கிறது. அங்கே விடியும்போது நமக்கு நள்ளிரவு. அவர்கள் நேரத்துக்கு விழித்திருந்து, இந்த ஊர் நேரத்துக்கு வேலைக்குப் போனால் எந்த உடம்பு தாங்கும்? பேசுவதை விடச் சொல்லவில்லை. தினமும் பேசியதை வாரம் மூன்று நாளாக்கி, தூங்கும் நேரத்துக்கு முன்பே முடித்துக்கொண்டேன். அம்மா ஒரு மாதம் வருத்தப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது.

இன்னொன்று. வீடியோவில் இரண்டு பக்கமும் மறைக்கிறோம். ஒருநாள் அப்பா கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோது, புறங்கையில் வெள்ளை பிளாஸ்திரியும் சுற்றிலும் கன்றிய நீலமும் தெரிந்தது. டிரிப் ஏற்றிய இடம். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் அவரோடு பேசியிருந்தேன். நானும் காய்ச்சலோடு படுத்திருந்த நாட்களில் சிரித்த முகத்தைத்தான் காட்டியிருந்தேன். நோய் என்றால் அன்றே சொல்ல வேண்டும் என்று அதற்குப் பிறகு பேசி வைத்துக்கொண்டோம். நீங்களும் வீட்டில் இதைப் பேசிவிடுங்கள்.

ஊர் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குப் புரிகிறது. ஆனால் போன் வழியே அவரால் உங்கள் பிரஷரைப் பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்க முடியாது. மருந்துப் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். பாராசிட்டமால் என்று நாம் சொல்வதையே சில நாடுகளில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். இரண்டும் வேறு என்று நினைத்துச் சேர்த்துப் போட்டால், அளவு கூடிக் கல்லீரலைக் கெடுக்கும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும்.

புதிதாகக் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமாகவே வந்து சேர்கிறார்கள் என்றும், ஆண்டுகள் போகப் போக அந்த வலு குறைகிறது என்றும் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் 'நான் திடமாகத்தானே இருக்கிறேன்' என்று தள்ளிப்போடாதீர்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வரக்கூடும். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு (BMI) 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. வழக்கமாகச் சொல்லும் 25 நமக்குத் தாமதம்.

மொழி தெரியாது என்ற கூச்சம் இருந்தால், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளில் மருத்துவமனையே ஏற்பாடு செய்யும். பிற்காலத்தில் குழந்தைகளோடு வாழும்போது அவர்களை இதற்கு அழைத்துப் போகாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்தேன். என் உதிரப்போக்கைப் பற்றி டாக்டர் கேட்டதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பத்து வயது மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'வயிற்று வலி' என்று மட்டும் அவரிடம் சொன்னாள். சரியான சிகிச்சை கிடைக்க இன்னும் ஏழு மாதம் ஆனது.

தனிமைக்கு, ஏதாவது ஒரு இடத்துக்கு வாரம் ஒரு தடவை நேரில் போங்கள். மொழி வகுப்போ விளையாட்டுத் திடலோ, எதுவாக இருந்தாலும் சரி. முகம் பழகவே சில மாதம் பிடிக்கும்.

இந்த வாரமே பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் பதிவு செய்யுங்கள். இப்போது போடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்துப் போங்கள். தலைவலியோடு தூக்கமில்லாததையும், மனம் சோர்ந்திருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.