“வெஜிடேரியன்” என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்

தம்பி, ஜப்பானியர் வீட்டில் இரண்டு வாரம் ஹோம்ஸ்டே, நீங்கள் சுத்த சைவம், என்ன முன்னேற்பாடு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன், சிக்கல் அதில்தான்.

“வெஜிடேரியன்” என்று எழுதி அனுப்பினால் தட்டில் கறித்துண்டும் மீன்துண்டும் இருக்காது, அவ்வளவுதான். மிசோ (புளித்த சோயா விழுது) சூப், உடோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ், வேகவைத்த காய் என்று பலவற்றுக்கும் அடிப்படை தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் புகைபோட்டு உலர்த்திய மீனின் சீவலான கட்சுவோபுஷியில் எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தம். ஜப்பானியக் குழம்பு வைக்கக் கடையில் விற்கும் மசாலாக் கட்டியிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சாதாரணம். நாட்டோ என்ற புளித்த சோயா பயறு சைவம்தான், ஆனால் பெட்டிக்குள் வரும் குட்டி சாஸ் பையில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும்.

அதனால் பெயரைச் சொல்லாமல் பட்டியலைக் கொடுங்கள். இறைச்சி, மீன், மீன் தாஷி, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின் வேண்டாம். முட்டையும் பாலும் ஆகுமா ஆகாதா என்பதையும் எழுதுங்கள். கூடவே ஆகிறதையும் சொல்லுங்கள்: கொம்பு (மாட்டுக் கொம்பு இல்லை, கடற்பாசி) தாஷி, உலர்ந்த ஷீதாகே காளான் தாஷி, தோஃபு, சோறு, காய்கள். இதை ஜப்பானிய மொழியில் எழுதி, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். சமைத்து வைத்த பிறகு சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் உங்களைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அந்த வீடே குன்றிப்போகும்.

அவர்களும் நேராக மறுக்க மாட்டார்கள். நீங்கள் ஒன்று கேட்டு, பதில் “சோத்தோ...” (கொஞ்சம்...) என்று இழுபட்டால் அது முடியாது என்பதுதான். மறுபடி கேட்காதீர்கள்.

குளியல்: தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை போக அலசிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். தண்ணீர் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதே தண்ணீர். விருந்தாளியை முதலில் அனுப்புவார்கள். குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள், சூடு தங்கும். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் ஷாம்பு போட்டுக் கழுவாமல் இறங்க வேண்டாம்.

செருப்பு விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். ஒன்றே ஒன்று: கழிவறைக்குத் தனிச் செருப்பு இருந்தால் அதோடு கூடத்துக்கு வந்துவிடாதீர்கள். ததாமி பாய் மேல் வீட்டுச் செருப்பும் கூடாது.

அன்பளிப்பு சிறிதாக, தனித்தனிப் பொட்டலமாக இருக்கட்டும். கடலை மிட்டாய் நல்லது, கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்டு. பச்சைக் கறிவேப்பிலையைத் தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமானநிலையத்தில் விட மாட்டார்கள்.

ஒருநாள் நீங்கள் சமைக்கக் கேட்பார்கள், ஒத்துக்கொள்ளுங்கள். 2008க்குப் பின் வந்த எரிவாயு அடுப்புகளில் பர்னர் நடுவே ஒரு சென்சார் உண்டு. வெறும் வாணலியில் மிளகாய், மல்லி வறுத்தால் சூடு ஏறியதும் தீ தானாகக் குறையும், சில சமயம் அணைந்தே போகும். அடுப்புக் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பொடிகளை ஊரிலேயே வறுத்து அரைத்துக் கொண்டு வாருங்கள். தாளிக்கும்போது காற்றோட்ட விசிறியை ஓடவிட்டு, கடுகுக்கு மூடி போடுங்கள். காரத்தைப் பாதியிலும் பாதியாகக் குறைத்துப் போடுங்கள்.