எச்-1பி விசாவில் வாணவேடிக்கை வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். நண்பர்கள் கல்யாணம், கோயில் விழாக்களுக்கு வாணவேடிக்கையும் மேடைத் தீ எஃபெக்டும் செய்துகொடுக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் அவர்களோடு சேர ஆசை. இரண்டு நாள் வகுப்பு முடித்தால் 'ஃபெடரல் பைரோ லைசென்ஸ்' (மத்திய அரசின் வாணவேடிக்கை உரிமம்) வாங்கித் தருவதாக ஒருவர் சில நூறு டாலர் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வெடிபொருளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப், எந்த வகுப்புக்குப் போனீர்கள் என்று பார்த்து அனுமதி தருவதில்லை. உங்கள் பின்னணியையும், சரக்கை எங்கே வைப்பீர்கள் என்பதையும் பார்க்கிறது. பயன்படுத்துவோர் பெர்மிட்டுக்கு மூன்று ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம். உரிமமுள்ள நிறுவனத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு அதுவும் வேண்டாம். நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுக்கும், ஏடிஎஃப் சரிபார்க்கும், அவ்வளவுதான். இந்த ஏஜென்ட்டுகள் விற்பது ஃப்ரேம் போட்டு மாட்ட ஒரு தாள். விசாவைப் பற்றி உங்களிடம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

கேட்டிருந்தால் வியாபாரம் அங்கேயே முடிந்திருக்கும். 2002-இல் வந்த சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர், ஒருசில விலக்குகள் தவிர, வெடிபொருளைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பெரிய வாணவெடிகள் எல்லாம் இதில் அடங்கும். பத்தாண்டு வரை சிறை. 'கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன்' என்பது எடுபடாது. பெட்டியைத் தூக்கிக்கொடுக்கும் உதவி கூட வேண்டாம்.  

சரி, தீ எஃபெக்ட்? இங்கே ஒரு வழி இருக்கிறது, ஆனால் கவனம். புரொபேன் வாயுவை எரித்து எழுப்பும் பிழம்பு வெடிபொருள் அல்ல. ஏடிஎஃப் அதில் தலையிடாது. ஆனால் டெக்சஸ் தலையிடும். மாநில ஃபயர் மார்ஷல் (தீப் பாதுகாப்பு அதிகாரி) அலுவலகம் தீ எஃபெக்ட் இயக்குநருக்கு என்றே தனி உரிமம் வைத்திருக்கிறது. வாணவேடிக்கை உரிமம் வேறு. அதற்கு மேல் நகர ஃபயர் மார்ஷலிடம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அனுமதி, காப்பீடு. மூன்று மேசைக்கு மூன்று படிவம், ஒரு மேசைக்கு இன்னொன்று என்ன கேட்கிறது என்றே தெரியாது. இன்னொன்று: அந்தப் புரொபேன் கருவியோடு ஒரே ஒரு வெடிமருந்துக் குழாயைச் சேர்த்து மாட்டினாலும் மறுபடி வெடிபொருள் கணக்குக்குள் போய்விடக்கூடும். 'கோல்ட் ஸ்பார்க்' (cold spark, 'குளிர்ப் பொறி') எந்திரத்தைப் பெயரை நம்பி விளையாட்டுப் பொருளாக எண்ணாதீர்கள். அதில் எரிவது உலோகத் தூள். நகர அலுவலகத்தைக் கேட்காமல் ஓட்டக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் கிளப்பில் கொளுத்திய பொறிவாணம் சுவர் ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். அனுமதியே வாங்கவில்லை. கொளுத்திய இசைக்குழு மேலாளர் சிறைக்குப் போனார்.

வாணவேடிக்கை உரிமத்துக்கு டெக்சஸில் குறைந்தது ஐந்து நிகழ்ச்சியில் உரிமம் பெற்றவர் மேற்பார்வையில் உதவியிருக்க வேண்டும், தேர்வும் உண்டு. இரண்டு நாளில் எப்படி முடியும்?

அப்புறம், எச்-1பியில் கூலிக்குப் பக்கவேலை பார்ப்பதே விசா விதிமீறல். தீ எஃபெக்டுக்குக் காசு வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.