வரிசையில் நிறுத்தாதீர்கள்: சிறுவர் கால்பந்துப் பயிற்சி கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, முன்னீர்பள்ளத்தில் சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். 22 பேர் வருகிறார்கள், பந்து மூன்றுதான். எல்லை குறிக்க வைக்கிற கோன்கூட இல்லை. ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: மூன்று பந்து இருந்தால் தாராளம் தம்பி. ஒரே பந்தை வைத்துக்கொண்டு இருபது பேரை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தடவை கோலுக்கு அடிக்கச் சொல்கிற வழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. ஒருதடவை அடித்தவனுக்கு மறுபடி முறை வர நாலைந்து நிமிஷம் ஆகும். அதுவரை முன்னால் நிற்கிறவன் பிடரியில் தட்டிக்கொண்டிருப்பான். நீங்கள் எதைத் திட்டமிட்டாலும், சும்மா நிற்கிறவன் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

முதல் பத்து நிமிஷம் ஓடிப் பிடிக்கிற விளையாட்டு. அப்புறம் எட்டு, ஏழு, ஏழு என்று மூன்று குழு. குழுவுக்கு ஒரு பந்து. 25 தப்படி நீளம், 15 தப்படி அகலத்தில் மூன்று கட்டம். ஒன்றில் நாலுக்கு நாலு ஆடட்டும், எதிர்க்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஒரு புள்ளி. ஏழு பேர் குழு வரும்போது நாலுக்கு மூன்று. அடுத்ததில் இரண்டு பேர் நடுவில் நிற்க, சுற்றி நிற்பவர்கள் அவர்களிடம் சிக்காமல் பாஸ் கொடுக்கட்டும். மூன்றாவதில் இரண்டு பக்கமும் சின்ன கோல் வைத்து ஆட்டம். கட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம், பிறகு குழுக்கள் இடம் மாறட்டும். மிச்ச நேரத்தில் ஆறுக்கு ஐந்தாக, ஒரே சமயத்தில் இரண்டு மேட்ச். அந்த மேட்ச் நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் பயிற்சியாளருக்குக் கஷ்டமான வேலை.

கோனுக்குப் பதில் செருப்போ, மண் நிரப்பிய தண்ணீர் பாட்டிலோ போதும். சிரட்டையை மட்டும் வைக்காதீர்கள், பாதத்தைக் கிழித்துவிடும்.

கேள்வி: ஆரம்பத்தில் கிரவுண்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடவிட வேண்டாமா?

பதில்: வேண்டாம். பி.டி. பீரியடில் ஓடியது போதும். சிறுவர்களுக்கென்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான பிஃபா வகுத்த '11+' வார்ம்-அப்பில் ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்குவது, விழும்போது உருள்வது எல்லாம் உண்டு. நம் கட்டாந்தரைக்கு அந்த உருள்வதுதான் முக்கியம்.

கேள்வி: நாங்கள் பணகுடிப் பக்கம். ஆனி, ஆடியில் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: எதற்கு நிறுத்த வேண்டும்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் ராதாபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று உங்களுக்காக நிற்காது. அந்த மாதங்களில் உயரப் பந்தை மறந்துவிட்டுத் தரையோடு பாஸ் போடுவதையும் பந்தை ஒட்டி உருட்டுவதையும் பழக்குங்கள். கட்டத்தைக் காற்றுக்குக் குறுக்காகப் போட்டால் இரண்டு அணிக்கும் நியாயம். இடமில்லாவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். காற்றை எதிர்த்து ஆடுகிறவன் தானாகவே பந்தைக் காலோடு வைத்துக்கொள்வான். நாம் கத்த வேண்டியதில்லை.

கேள்வி: எட்டு வயதும் பதினாலு வயதும் சேர்ந்து வருகிறார்கள். பெரியவன் அடித்தால் சின்னவன் அழுகிறான்.

பதில்: அழத்தானே செய்வான்! பந்திலிருந்தே பிரிவு தொடங்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை கொஞ்சம் சின்னதான 4-ஆம் நம்பர் பந்து, அதற்கு மேல் 5-ஆம் நம்பர். பெரியவர்களை அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். சேர்ந்து ஆடும் பத்து நிமிஷத்தில் பெரியவனுக்குப் பந்து வரும்போதெல்லாம் இரண்டே தொடுதல், கோல் அடிக்கும் உரிமை சின்னவனுக்கு மட்டும். ஒருத்தனுக்கு ஒருத்தன் மோதும் பயிற்சியில் வயதைக் கலக்கவே கூடாது.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தலையால் முட்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது அண்ணாச்சி.

பதில்: உங்கள் பயம் சரிதான்மா. அமெரிக்காவில் பத்து வயது வரைக்கும் ஹெட்டிங் கூடாது என்று 2015-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்திலும் ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வேண்டாம் என்று 2020-இல் சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளரிடம் தயங்காமல் பேசுங்கள். இந்த வயதில் அவளுக்கு இரண்டு காலாலும் பந்தைத் தடுக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: வெயிலுக்கு?

பதில்: சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர். முடிந்ததும் உப்புப் போட்ட மோர்.

கேள்வி: உடைமுள் குத்தி மாதத்துக்கு ஒரு பந்து போகிறது. என்ன செய்வது?

பதில்: ஆட்டத்துக்கு முன் கோட்டோரத்தைக் கூட்டுவதைப் பிள்ளைகளுக்கே முறை வைத்துவிடுங்கள். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்திவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கெடுத்துவிடும், பல பந்து முள்ளால் அல்ல, இதனால்தான் போகிறது. கட்டாந்தரையில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். பந்து துள்ளி வேலிக்குள் போவதும் குறையும்.